ஆடியில் வீடு கேட்ட நேவிக்காரர்

ஆடி மாசத்தில் வாடகைக்கு ஆள் பிடிப்பது எங்கள் பக்கம் லேசான காரியம் இல்லை. குடிவருகிறவர்கள் ஆனி முடிவதற்குள் பால் காய்ச்சிவிடுவார்கள். தவறினால் ஆவணி பிறக்கட்டும் என்று பழைய வீட்டிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். 2025 ஜூலையில், ஆடி பிறக்கப் போகிற நேரமாகப் பார்த்து, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக்கு ஆள் தேட வேண்டி வந்தது.

கணவருக்குப் படகு எஞ்சின் பழுது பார்க்கும் வேலை. கம்பெனி அவரைத் தூத்துக்குடிக்கு மாற்றியது, கொஞ்ச காலத்துக்குத்தான், அப்புறம் திரும்ப மண்டபம்தான் என்று சொல்லி. வீட்டு ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குப் போட்டது, பாதியில் காலி செய்தால் அட்வான்சில் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு ஊரில் இரண்டு வாடகை கட்டுகிற அளவுக்கு எங்களுக்கு வரும்படி கிடையாது. ஓனர் கீழக்கரைக்காரர், இருப்பது ஷார்ஜாவில். நிலைமையைச் சொன்னதும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. "நல்ல ஆளா நீங்களே பார்த்து வச்சிட்டுப் போங்கம்மா, திரும்பி வர்றப்போ நீங்களே வந்து இருந்துக்கங்க. எனக்கு மாசம் பிறந்தா வாடகை வந்துடணும், அவ்வளவுதான்." பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டோம். உள்வாடகைக்கு விட அது போதும் என்றும் நினைத்துக்கொண்டோம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீடு வாடகைக்கு என்று இணையத்தில் விளம்பரம் போட்டேன். மாடிப்படி ஏறினால் ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல் தெரியும். அந்தப் படம், ஹால், சமையலறை, நல்ல தண்ணீர்த் தொட்டி எல்லாம் வெளிச்சமாக எடுத்துப் போட்டேன். வாடகை 8,000, அட்வான்ஸ் 24,000. கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் புரோக்கர்கள். மீதியில் ஒருவர் ஆவணி முதல் முகூர்த்தத்தில் வருகிறோம் என்றார், இன்னொருவர் ராமேஸ்வரம் வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவீர்களா என்று கேட்டார். அந்த வாரத்திலேயே வருகிறேன் என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான்.

உடைந்த தமிழ், நிறைய ஆங்கிலம், இடையில் கொஞ்சம் இந்தி. கடற்படையில் இருப்பதாகவும், விசாகப்பட்டினத்திலிருந்து உச்சிப்புளிக்கு மாற்றலாகி வருவதாகவும் சொன்னார். உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் இருப்பது ஊருக்கே தெரியும். மண்டபத்தில் கடலோரக் காவல் படை நிலையமும் இருக்கிறது. அந்தக் குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே வாடகைக்கு இருக்கிறார்கள். மாசம் பிறந்தால் வாடகை வந்துவிடும், சத்தம் சச்சரவு இல்லை, மாற்றல் வந்தால் கிளம்பிவிடுவார்கள். ஆடி, ஆவணி என்று பார்க்கிற வழக்கமும் அவர்களுக்குக் கிடையாது. வீட்டு ஓனர்கள் தவமிருக்கிற குடித்தனம் அது. அதனால் அவர் சொன்னதில் எதுவும் இடறவே இல்லை. ஆன்லைனில் ஏமாந்தவர்களைப் பற்றிப் பேசுகிறபோது பேராசை, படிக்காதவர்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. நான் லாட்டரி விழும் என்று காத்திருக்கவில்லை, வாடகைக்கு ஆள் தேடினேன். ஏமாற்றுகிறவர்கள் தாங்கள் குறிவைக்கிற ஊரை விசாரித்து, அந்த ஊரில் நடக்கக்கூடிய கதையைத்தான் கொண்டு வருகிறார்கள். திருப்பூர் என்றால் பனியன் ஆர்டர், எங்கள் ஊர் என்றால் நேவி.

வீட்டை நேரில் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். "போட்டோ போதும் மேடம், பேமிலி ஓகே சொல்லிட்டாங்க" என்றார். சீருடையில் ஒரு படம், ஆதார் அட்டை, படையினருக்கான கேன்டீன் கார்டு, மனைவி பிள்ளையோடு ஒரு படம் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. பதிலுக்கு என்னுடைய ஆதாரையும், முகவரிக்கு மின்கட்டண அட்டையின் படத்தையும் கேட்டார். ஒப்பந்தம் எழுதத்தானே என்று அனுப்பினேன். வாடகை அதிகம் என்று ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. உப்புத்தண்ணீரா நல்ல தண்ணீரா என்று கேட்கவில்லை. இந்தக் கடற்கரையில் வீடு பார்க்க வருகிற எவரும் முதலில் குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்ப்பார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் மண்டபத்தில் வீடு எடுக்கிறவரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் கூப்பிட்டார். சாமான் ஏற்றிய லாரி விசாகப்பட்டினத்திலிருந்து கிளம்பிவிட்டதாம். இங்கே உள்ளே விட கேட் பாஸ் வேண்டுமாம், அதற்கு அட்வான்ஸ் கட்டிய சான்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் போக வேண்டுமாம். பணத்தை அவர் நேரடியாகப் போட முடியாதாம், 'டிஃபென்ஸ் அக்கவுண்ட்' மூலம்தான் வருமாம், அங்கிருந்து ஆபீசர் பேசுவார் என்றார். ஆபீசரும் பேசினார். பின்னால் டைப் அடிக்கிற சத்தம், யாரோ 'ஜெய்ஹிந்த் சார்' என்று சொல்கிற சத்தம் எல்லாம் கேட்டது.

அவர் சொன்ன முறையை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதில்தான் விஷயம் இருக்கிறது. அரசாங்கக் கணக்கிலிருந்து தனியார் கணக்குக்குப் பணம் போக வேண்டுமென்றால் முதலில் அந்தத் தனியார் கணக்கு சரியானதுதானா என்று சோதிப்பார்களாம். நான் ஐந்து ரூபாய் அனுப்பினால் பத்தாகத் திரும்பி வருமாம். அனுப்பினேன், பத்து வந்தது. கண் முன்னால் வந்தது. "இதே மாதிரி அட்வான்ஸ் தொகைக்கும் மேடம். 24,000 உங்ககிட்டேருந்து வரும், 48,000 உங்களுக்குத் திரும்பும். உங்க 24, எங்க 24." வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் கோடு வந்தது. அதை ஸ்கேன் செய்தபோது தொகை ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது, நான் ஒரு எண்கூடத் தட்டவில்லை. பின் நம்பர் கேட்டது, போட்டேன்.

பின் போடுவதற்கு முன்பே திரையில் பணம் பெறுகிறவரின் பெயர் வந்தது. 2025 ஜூன் 30 முதல், வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்கும் பெயரைத்தான் யுபிஐ செயலிகள் காட்ட வேண்டும் என்று விதி. நான் சேமித்து வைத்திருக்கும் பெயரோ, அவர்கள் வைத்துக்கொண்ட பட்டப்பெயரோ வராது. ஆக, திரை தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஏதோ ஒரு பெண்ணின் பெயரைக் காட்டியது. கேட்டேன். "அது எங்க அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் மேடம் பேரு" என்று யோசிக்காமல் பதில் வந்தது. கடற்படையின் கணக்கு ஒரு தனிப்பட்ட பெண்ணின் பெயரில் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

24,000 போனது, 48,000 வரவில்லை. ஆனால் வந்ததாக ஒரு எஸ்எம்எஸ் வந்தது! வங்கி அனுப்புவது போலவே வாசகம், கணக்கின் கடைசி இலக்கங்கள் உட்பட. பத்து இலக்க செல்போன் எண்ணிலிருந்து வந்திருந்தது. வங்கிகளின் செய்தி எழுத்துகளால் ஆன பெயரிலிருந்துதான் வரும், யாரோ ஒருவரின் மொபைல் நம்பரிலிருந்து வராது. செயலியில் பாக்கியைப் பார்த்தால் பணம் ஏறவில்லை. "வாடகையும் சேர்ந்து வரணும் மேடம், அதான் நிக்குது. 8,000 மட்டும் தனியா போடுங்க, மொத்தமா ரிலீஸ் ஆயிடும்." அதையும் போட்டேன். இங்கே நான் ஆள் மேல் இருந்த நம்பிக்கையில் போடவில்லை. போன 24,000-ஐ மீட்கிற அவசரத்தில் போட்டேன். அவர்களுடைய வியாபாரமே அந்த இரண்டாவது தவணையில்தான் இருக்கிறது என்று பின்னால் புரிந்தது. மூன்றாவதாக 32,000 ஒரே தடவையாகப் போட்டால் 'ஃபைல் குளோஸ்' ஆகும் என்றார்கள். என் கணக்கில் அவ்வளவு இல்லை. கீழ்வீட்டு ராத்தாவிடம் கைமாற்றுக் கேட்கலாம் என்று இறங்கிப் போனேன்.

எங்கள் தெருவே அவரை ராத்தா என்றுதான் கூப்பிடும். மகன் சவூதியில், மாசாமாசம் பணம் வரும். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். நான் சொன்னதையெல்லாம் கருவாட்டைப் புரட்டிப் போட்டபடியே கேட்டார்.

"ஏம்மா, எம் மகன் எத்தனை வருஷமா அனுப்புறான். ஒரு நாளாவது நான் பின் நம்பர் போட்டா காசு வந்துச்சு? தர்றவன் எதுக்கு உன்ன அனுப்பச் சொல்றான்?"

அதற்குப் பதில் என்னிடம் இல்லை. யுபிஐ பற்றி இதற்கு மேல் பெரிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் கிடையாது. பணம் வாங்க பின் நம்பர் வேண்டாம், க்யூஆர் ஸ்கேன் வேண்டாம், 'அக்செப்ட்' அழுத்த வேண்டாம். நம் நம்பரோ யுபிஐ முகவரியோ தெரிந்தால் போதும், நாம் தூங்கிக்கொண்டிருந்தாலும் பணம் வந்து சேரும். முன்பெல்லாம் 'கலெக்ட் ரிக்வெஸ்ட்' என்று ஒன்றை அனுப்பி, பணம் வருகிறது, ஒத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். தனி நபர் தனி நபரிடம் அப்படிப் பணம் கேட்கும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்திவிட்டது. நல்ல காரியம். ஆனால் கடைகளும் நிறுவனங்களும் கேட்கிற முறை இன்னும் இருக்கிறது, க்யூஆர் கோடும் இருக்கிறது. என்னிடம் வந்தது அந்த க்யூஆர்தான். வயதானவர்கள் வைத்திருக்கும் போனில் செயலியின் மொழியைத் தமிழுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். 'பே' என்ற பட்டனுக்கும் 'ரிசீவ்' என்ற பட்டனுக்கும் வித்தியாசம் தெரியாமல் அழுத்துகிறவர்கள் நிறைய.

ராத்தா வீட்டுத் திண்ணையில் இருந்தே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட்டேன். அந்த எண்ணை எனக்குத் தெரிந்திருந்தது நல்லகாலம், கூட்டுறவு வங்கிச் சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்திருக்கிறேன். கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது, அப்புறம் எடுத்தார்கள். பெயர், ஊர், என் வங்கி, கணக்கு எண், தொகை, நேரம் கேட்டார்கள். முக்கியமாகப் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கேட்டார்கள். யுடிஆர் என்பார்கள், செயலியில் அந்தப் பணப் பரிமாற்றத்தைத் தொட்டால் உள்ளே இருக்கும். இரண்டு தடவை போட்டிருந்தால் இரண்டு எண்ணும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கை நடுங்குகிற நேரத்தில் தேடிக்கொண்டிருக்காமல், அழைப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்ததும் எஸ்எம்எஸ்ஸில் ஒரு புகார் எண் வந்தது. அதை வைத்து தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் உள்ளே போய், 24 மணி நேரத்துக்குள் முழுப் புகாரையும் பதிய வேண்டும் என்றார்கள். வாட்ஸ்அப் உரையாடலின் படங்கள், அந்த க்யூஆர் படம், போலி எஸ்எம்எஸ், கூப்பிட்ட எண்கள் எல்லாம் ஏற்றச் சொன்னார்கள். ஆத்திரத்தில் அந்த உரையாடலை அழித்துவிடுகிறவர்கள் உண்டு, அழிக்காதீர்கள். எதிராளியை உடனே பிளாக் செய்யவும் வேண்டாம், முதலில் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

1930-க்குச் சொன்னால் என்ன நடக்கிறது என்றால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு அந்தக் கணத்திலேயே தகவல் போகிறது. நாம் போட்ட பணம் அந்தக் கணக்கில் மிச்சம் இருந்தால் அதை எடுக்க முடியாதபடி நிறுத்தி வைக்கிறார்கள். அங்கிருந்து வேறு கணக்குக்கு மாறியிருந்தால் அங்கேயும் துரத்திப் போகிறார்கள். ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் அதோடு சரி. என்னுடைய 24,000-இல் பெரும் பகுதி சில நிமிடங்களிலேயே இரண்டு மூன்று கணக்குகள் மாறி ரொக்கமாகிவிட்டது. ஆனால் கடைசியாகப் போட்ட 8,000 அப்படியே நின்றது. முதல் தொகையின் மிச்சத்தோடு சேர்த்து 11,400 ரூபாய் பிடிபட்டது. மூன்றாவது தவணைக்காக என்னைக் கெஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் இதை எடுக்க மறந்திருக்க வேண்டும். அழுது முடித்துவிட்டு, கணவர் தூத்துக்குடியிலிருந்து வரட்டும் என்று மறுநாள் சொல்லியிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

அந்தக் கணக்குக்காரப் பெண் யார் என்று கேட்டேன். வடக்கே ஏதோ ஒரு ஊரில் கூலி வேலை செய்கிறவராக இருக்கலாம், கொஞ்சம் காசு கொடுத்து அவர் பெயரில் கணக்குத் திறந்து ஏடிஎம் கார்டையும் சிம்மையும் இவர்கள் வைத்துக்கொள்வார்கள் என்று சைபர் கிரைம் காவல் நிலையத்தில் சொன்னார்கள். அதற்கு வாடகைக் கணக்கு என்றே பெயராம். நம் ஊர்ப் பிள்ளைகளிடமும் கணக்குத் திறந்து கொடு, கமிஷன் தருகிறோம் என்று கேட்கிறார்கள். கல்லூரி போகிற பிள்ளை இருக்கிற வீட்டில் இதைச் சொல்லி வையுங்கள், போலீஸ் முதலில் வந்து நிற்பது அந்தப் பிள்ளையின் வாசலில்தான்.

வங்கிக் கிளையில் எனக்குக் கிடைத்த மரியாதையை விவரிக்கப் போவதில்லை. "நீங்கதானே பின் போட்டிருக்கீங்க" என்ற ஒரே வாக்கியத்தைப் பல விதமாகச் சொன்னார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வெளியிட்டு, அப்போது நடப்பில் இருந்த சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஆன நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகும் போனால் அது வங்கியின் பொறுப்பு. அதனால்தான் தெரிவித்ததற்கு அத்தாட்சி வேண்டும். புகாரை எழுத்தில் கொடுத்து, நேரம் குறித்து, சீல் வைத்த நகல் வாங்குங்கள். வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வராதீர்கள்.

ராமநாதபுரம் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நன்றாகவே பேசினார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். ஆனால் அங்கே ஒரு கேள்வி வந்தது, அதற்கு நான் தயாராக இல்லை. "வீடு உங்க பேர்லயா? வாடகை வீட்டை நீங்க எப்படிம்மா வாடகைக்கு விட்டீங்க?" ஷார்ஜாக் குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு அந்தக் காவலர் சிரித்தார். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி குடியிருப்பவர் உள்வாடகைக்கு விட வேண்டுமென்றால், ஏற்கெனவே உள்ள ஒப்பந்தத்துக்குத் துணையாக ஒரு ஒப்பந்தம் உரிமையாளரோடு எழுதியாக வேண்டும். குரல் பதிவு அந்தக் கணக்கில் வராது. ஏமாந்த வழக்கை அது பாதிக்கவில்லைதான். ஆனால் உண்மையிலேயே யாராவது குடிவந்து, பிறகு காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தால், ஓனருக்கு நாங்கள் என்ன பதில் சொல்லியிருப்போம்? அதை நினைத்தால் 32,000 சின்னத் தொகைதான். அந்தச் சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது, வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. இது எங்கள் ஓனருக்கும் புதுச் செய்தி.

எங்கள் தெருவில் கடலோரக் காவல் படையில் வேலை செய்பவரின் குடும்பம் ஒன்று இருக்கிறது என்றேனே, நடந்ததைக் கேட்டு அந்த அம்மாவே வீட்டுக்கு வந்தார். அவர் சொன்னதுதான் இந்த மோசடிக்கு நல்ல மாற்று மருந்து. வீட்டு வாடகைப் படி சம்பளத்தோடு சேர்ந்து அவர்கள் கணக்கில் ஏறுகிறது. வீட்டுக்காரருக்கு வாடகையை அவர்கள் கையிலிருந்துதான் கொடுக்கிறார்கள், எல்லோரையும் போல. படைப்பிரிவு எதுவும் வீட்டுக்காரருக்கு நேரடியாகப் பணம் போடாது, 'டிஃபென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு சோதனையும் கிடையாது. புதிதாக மாற்றலாகி வருகிறவருக்கு இங்கே ஏற்கெனவே இருக்கிற யாராவது ஒருவர் நேரில் வந்து வீடு பார்த்துச் சொல்வார். அடையாள அட்டையைப் படம் எடுத்து முன்பின் தெரியாத ஆளுக்கு அனுப்ப மாட்டார்கள், அவர்களுக்கு அது கூடாது. அந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தாலே, அட்டை வந்து விழுந்த நிமிஷத்தில் போனை வைத்திருப்பேன்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். அவன் அனுப்பிய சீருடைப் படத்தையும் ஆதாரையும் ஊர் குரூப்பில் போட்டு 'இவன்தான் திருடன்' என்று எழுதச் சொல்லிக் கணவரின் நண்பர்கள் குதித்தார்கள். நான் போடவில்லை. அந்த அட்டை உண்மையான ஒருவருடையதாக இருந்தால் அவரும் எங்கோ, எதற்கோ, யாருக்கோ தன் ஆதாரை அனுப்பியவராகத்தான் இருப்பார். என்னுடைய ஆதாரும் இப்போது அவர்கள் கையில் இருக்கிறதே. என் பெயரைச் சொல்லி வேறு ஊரில் யாரிடமாவது 'மண்டபத்தில் வீடு இருக்கிறது' என்று பேச மாட்டார்களா?

பேசினார்கள்.

அந்த ஆண்டு ஆடி அமாவாசை ஜூலை 24. அதற்கு முந்தின நாள் சாயங்காலம், நான் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. திண்டுக்கல் பக்கத்துக் குடும்பம், பாட்டி, பிள்ளைகள் என்று வண்டி நிறைய ஆள். அக்னி தீர்த்தத்தில் திதி கொடுக்க வந்தவர்கள். ராமேஸ்வரத்தில் அறை கிடைக்காது என்று தெரிந்து, மண்டபத்தில் 'கடல் பார்த்த வீடு' ஒன்றை இரண்டு நாளுக்கு முன்பணம் கட்டிப் பிடித்திருந்தார்கள். குடும்பத் தலைவர் போனை நீட்டினார். நான் எடுத்த படங்கள். என் வீட்டு ஹால், என் பிள்ளையின் நடைவண்டி ஓரத்தில் தெரிகிறது. 3,000 ரூபாய் கட்டியிருந்தார். வீட்டுக்காரர் சான்றாக அவருக்கு அனுப்பப்பட்டிருந்தது என்னுடைய மின்கட்டண அட்டை.

கொஞ்ச நேரம் அவர் என்னைத்தான் சந்தேகப்பட்டார், அதில் தப்பே இல்லை. சிஎஸ்ஆர் ரசீதைக் காட்டிய பிறகுதான் குரல் இறங்கியது. கச்சான் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது, பாட்டிக்கு உட்கார இடம் வேண்டும். ராத்தா தன் வீட்டுக் கீழ் அறையைத் திறந்துவிட்டார். ராத்திரி அங்கேயே படுத்து, விடியுமுன் எழுந்து பாம்பன் பாலம் ஏறிப் போனார்கள். போவதற்கு முன் அவரையும் 1930-க்குப் பேச வைத்தேன். பரிவர்த்தனை எண் எங்கே இருக்கிறது என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு செய்தவை, முதலிலேயே செய்திருக்கக்கூடியவையும்கூட. விளம்பரப் படங்களின் நடுவில், ஓரத்தில் இல்லை நடுவில், தேதியும் 'நேரில் பார்த்த பிறகே பணம்' என்ற வரியும் எழுதினேன். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். பழைய விளம்பரத்தை எடுத்தேன், திருடிப் போட்ட விளம்பரத்தைப் பற்றி அந்தந்தத் தளத்துக்குப் புகார் எழுதினேன். ஆதாரில் கைரேகைப் பூட்டுப் போட்டேன், செயலியிலேயே முடிகிற வேலை. சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் என் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்தேன், நல்லவேளை வேறு எதுவும் இல்லை. இப்போதெல்லாம் யாருக்காவது ஆதார் நகல் கொடுத்தால் அதன் குறுக்கே எதற்காக, யாருக்கு, எந்தத் தேதி என்று பேனாவால் எழுதிவிட்டுத்தான் கொடுக்கிறேன். எண்ணின் முதல் இலக்கங்களை மறைத்த ஆதாரே பல இடங்களில் போதும், அதையும் அரசுத் தளத்திலேயே எடுக்கலாம்.

வீடு ஆவணியில்தான் போனது. புதுக் குடித்தனக்காரர் மனைவியோடு நேரில் வந்து, குழாயைத் திறந்து, தண்ணீரைக் குடித்து, முகத்தைச் சுளித்து, 500 ரூபாய் வாடகை குறைக்கச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஓனர் கீழக்கரையில் இருக்கும் தம்பியை அனுப்பித் துணை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார். அட்வான்சை என் கணக்குக்கு வங்கியிலிருந்தே மாற்றினார்கள். பாக்கியைச் செயலியில் பார்த்த பிறகுதான் சாவி கைமாறியது, எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து இல்லை.

நிறுத்தி வைத்த 11,400 தானாக வரவில்லை. பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். பணம் இன்னொருவர் கணக்கில் முடங்கியிருக்கும்போது, அதை எனக்குத் திருப்பித் தர நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று காவல் நிலையத்தில் சொன்னார்கள். பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 503-ஆம் பிரிவின் கீழ் நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. பழைய சட்டத்தில் 457 என்று சொல்லிக்கொண்டிருந்த பிரிவுதான். எந்தக் கணக்கில் எவ்வளவு முடங்கியிருக்கிறது என்று நிலையத்தில் எழுதி வாங்க வேண்டியிருந்தது. அதோடு முதல் தகவல் அறிக்கையின் நகல், வங்கி சீல் வைத்த கணக்கு விவரம், என் அடையாளச் சான்று, பின்னால் வேறு யாராவது உரிமை கொண்டாடினால் திருப்பித் தருவேன் என்ற உறுதிமொழிப் பத்திரம். சின்னத் தொகை, இதற்கு வக்கீல் வைத்தால் கட்டுப்படியாகுமா என்று தயங்கினேன். நிலையத்தில் இருந்த எழுத்தரே மனு எப்படி எழுதுவது என்று காட்டிக் கொடுத்தார், பக்கத்தில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்தையும் கை காட்டினார். தை பிறந்த பிறகு 11,400 ரூபாயும் வந்து சேர்ந்தது. மீதி 20,600-க்கு வழக்கு நிலுவையில்தான் இருக்கிறது.

திண்டுக்கல்காரர் இடையில் ஒரு நாள் கூப்பிட்டார். அவருடைய 3,000-இல் எதுவும் நிற்கவில்லை, கட்டிப் பல நாள் ஆகிவிட்டது. மனு எழுதுகிற விவரம் கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார், அவருடைய மைத்துனருக்காக. ஒட்டன்சத்திரத்தில் கடை வாடகைக்கு விட விளம்பரம் போட்டிருக்கிறார், ராணுவத்தில் இருந்து ஒருவர் கூப்பிட்டிருக்கிறார்.